இ-டிஸ்கவரியில் வழக்கறிஞர்களும் ஐ.டி. பிரிவினரும் புரிந்து பணியாற்றுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வழக்குக்குத் தேவையான மின்னஞ்சல், கோப்பு போன்ற மின்னணுத் தரவுகளைக் காத்து, தேடி எடுத்து, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் நடைமுறையே இ-டிஸ்கவரி. 2008 ஜனவரியில், குவால்காம் நிறுவனம் பிராட்காம் மீது தொடுத்திருந்த காப்புரிமை வழக்கில், 46,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களையும் ஆவணங்களையும் எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் விட்டதற்காக, 85 லட்சம் டாலருக்கும் மேலான தொகையைக் குவால்காம் செலுத்த வேண்டும் என்று கலிஃபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளி வழக்கறிஞர்கள் ஆறு பேருக்கும் அப்போது தண்டனை விதிக்கப்பட்டது. 2010-இல் அதே விவகாரத்தை மறுபடியும் ஆராய்ந்த நீதிபதி, அவர்கள் தீய நோக்கத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று கண்டு தண்டனையைக் கைவிட்டார். நிறுவனத்தின் பொறியாளர்கள், உள் சட்டப் பிரிவு, வெளி வழக்கறிஞர்கள் ஆகியோரிடையே தகவல் பரிமாற்றம் அடியோடு முறிந்து போயிருந்ததே கோளாறுக்குக் காரணம் என்று அவர் பதிவு செய்தார். நிறுவனத்தின் மின்னஞ்சல் எங்கே சேமிக்கப்படுகிறது, மடிக்கணினிகளின் நகல் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எங்கே எடுக்கப்படுகிறது என்பன போன்ற அடிப்படை விவரங்களைக்கூட வழக்கறிஞர்கள் போதுமான அளவு கேட்டறிந்திருக்கவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, யுபிஎஸ் வார்பர்க் நிறுவனத்துக்கு எதிரான சூபுலேக் வழக்கில், நியூயார்க் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்சிக்காரரின் தரவுகள் எப்படிக் காக்கப்படுகின்றன, எங்கே தங்குகின்றன என்பதை வழக்கறிஞர் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். அதற்குத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களிடம் பேசாமல் வழியில்லை என்பதே 2004 ஜூலைத் தீர்ப்பின் சாரம்.

இரு தரப்பும் திறமையானவர்களாக இருந்தும் இந்தப் பேச்சு ஏன் தடைபடுகிறது? வழக்கறிஞர் மனிதர்களையும் நிகழ்வுகளையும் வைத்து யோசிக்கிறார். ஐ.டி. நிர்வாகியோ கணினி அமைப்புகளையும், அவற்றின் விதிகளையும், அவற்றை அணுகும் உரிமைகளையும் வைத்து யோசிக்கிறார். முன்னவர் கேட்பதைப் பின்னவர் செயல்படுத்தத்தக்க, பிறகு சரிபார்க்கத்தக்க கோரிக்கையாக மாற்றும் வேலை யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் நடுவில் நின்றுவிடுகிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன். விதிகளைக் குறிப்பிடும் இடங்களில் இ-டிஸ்கவரி நடைமுறை மிகுதியாக வளர்ந்துள்ள அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படி 1: வழக்கு வருவதற்கு முன்பே ஆளைத் தீர்மானியுங்கள்

சட்டப் பிரிவில் ஒருவர், ஐ.டி. பிரிவில் ஒருவர், இருவருக்கும் மாற்றாக இன்னும் இருவர் எனப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட வேண்டும். பொதுவான உதவி மைய முகவரிக்கு அனுப்பப்படும் சட்டக் கோரிக்கை, கடவுச்சொல் மறந்தவரின் கோரிக்கையோடு ஒரே வரிசையில் நிற்கும். ஐ.டி. தரப்பில் நியமிக்கப்படுபவர் துறைத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, கைபேசி நிர்வாகம், காப்பு நகல் ஆகிய ஒவ்வொன்றையும் யார் கையாளுகிறார்கள் என்று தெரிந்தவராகவும், அவர்களிடமிருந்து அன்றைக்கே பதில் பெறக்கூடியவராகவும் இருந்தால் போதும்.

படி 2: வழக்கின் கதையை ஐ.டி. பிரிவுக்குச் சொல்லுங்கள்

பல சட்ட அலுவலகங்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகின்றன. இரகசியம் காக்க வேண்டும் என்ற நியாயமான கவலையால், பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்வதில்லை. விளைவாக, கேட்டது மட்டும் வருகிறது. கேட்கத் தெரியாமல் விட்டது வருவதில்லை. ஒரு விநியோக ஒப்பந்தத்தின் விலை குறித்த தகராறு என்று நிர்வாகிக்குத் தெரிந்தால், "அந்த ஆண்டு கொள்முதல் பிரிவு வேறொரு மென்பொருளில் ஒப்புதல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தது, புதியதற்கு மாறிய பிறகும் பழைய தரவுத்தளத்தை அணைக்காமல் வைத்திருக்கிறோம்" என்று அவரே சொல்வார். எந்த வினாப்பட்டியலாலும் இப்படிப்பட்ட தகவலை வரவழைக்க முடியாது.

ஒரு பக்கக் குறிப்பு போதும். தரப்பினர் யார், தகராறு எதைப் பற்றியது, எந்தக் காலப்பகுதி, முக்கிய நபர்கள் யார், அடுத்த நீதிமன்றத் தேதி எது ஆகியவை அதில் இருக்கட்டும். வழக்கின் பலவீனங்களையும் வாத உத்தியையும் அதில் எழுத வேண்டியதில்லை. இந்தக் குறிப்பை உதவி மைய டிக்கெட்டில் ஒட்ட வேண்டாம் என்பதையும் ஐ.டி. பிரிவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டுகளைப் பலரும் படிக்க முடியும். அவையும் பின்னொரு நாள் வெளிப்படுத்தப்பட வேண்டிய ஆவணங்களாகக்கூடும். டிக்கெட்டில் ஒரு குறியீட்டு எண் மட்டும் இருந்தால் போதுமானது.

படி 3: தேடுவதற்கு முன் அழிவதை நிறுத்துங்கள்

வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க நிலை உருவான உடனே தரவைக் காக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் வழக்கறிஞர் வழக்கமாகச் செய்வது, சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்கு, அதாவது கஸ்டோடியன்களுக்கு, எதையும் அழிக்க வேண்டாம் என்று லீகல் ஹோல்ட் அறிவிப்பு அனுப்புவது. அது அவசியமானதுதான். ஆனால் நவீன அமைப்புகளில் பெருமளவு தரவை அழிப்பது மனிதர்கள் அல்ல, யாரும் தொடாமலே இயங்கும் விதிகள். ஊழியர் அறிவிப்பைப் படித்துக் கையெழுத்திட்ட அதே இரவில், 90 நாளுக்கு மேற்பட்ட அரட்டைச் செய்திகளை நீக்கும் விதி தன் வேலையைச் செய்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் 365-ஐ எடுத்துக்கொள்வோம். ஒருவர் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிய அஞ்சல், மீட்கக்கூடிய கோப்புறையில் இயல்பாக 14 நாட்கள் இருக்கும்; நிர்வாகி அதை 30 நாட்கள் வரை நீட்டிக்கலாம். பணியிலிருந்து விலகியவரின் கணக்கு நீக்கப்பட்டால், அஞ்சல்பெட்டியை மீட்க 30 நாட்களே உண்டு. ஹோல்ட், அதாவது அமைப்பிலேயே இயக்கப்படும் நீக்கத் தடை, போடப்பட்டிருந்தால் மட்டுமே இந்தக் கெடுக்கள் பொருந்தா. இவற்றை அறியாத வழக்கறிஞர், அறிவிப்பின் சொற்களைச் செப்பனிடுவதில் இரண்டு வாரத்தைச் செலவிடக்கூடும். அறிந்த நிர்வாகியோ, வழக்கு வரப்போவதே தெரியாமல் இருப்பார்.

ஆகவே ஊழியர்களுக்கான அறிவிப்போடு கூடவே, ஐ.டி. பிரிவுக்குத் தனியான அறிவுறுத்தல் ஒன்று செல்ல வேண்டும். "இந்த வழக்கு தொடர்பான எல்லா ஆவணங்களையும் பத்திரப்படுத்தவும்" என்ற வாக்கியம் சட்ட நோக்கில் முழுமையாகத் தோன்றினாலும், அதை வைத்துக்கொண்டு நிர்வாகி எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது. எது தொடர்புடையது என்று தீர்மானிக்கும் தகுதி அவருக்கு இல்லை. அந்தச் சுமையை அவர் மீது ஏற்றவும் கூடாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"இணைப்பிலுள்ள ஏழு பேரின் அஞ்சல்பெட்டி, ஒன்டிரைவ், டீம்ஸ் உரையாடல்கள் ஆகியவற்றின் மீது இன்றே ஹோல்ட் போடவும். தேதி வரம்பு வேண்டாம். இவர்கள் பயன்படுத்தும் பகிர்வுக் கோப்புறைகளிலும் தானியங்கி நீக்கத்தை நிறுத்தவும். இவர்களில் யாருடைய மடிக்கணினி அல்லது கைபேசி திரும்ப வந்தாலும் அதை அழித்து வேறொருவருக்குக் கொடுக்காமல், பெயரும் தேதியும் எழுதித் தனியே வைக்கவும். யாரேனும் பணியிலிருந்து விலகினால், கணக்கை நீக்கும் முன் எனக்குத் தெரிவிக்கவும். எது முடிந்தது, எந்த நேரத்தில், யார் செய்தார் என்றும், எது முடியவில்லை, ஏன் என்றும் நாளை மதியத்துக்குள் பதில் எழுதவும்."

இதன் கடைசி வாக்கியமே மிகவும் முக்கியமானது என்பது என் கருத்து. 2015 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 37(e)-இன்படி, காக்க வேண்டிய மின்னணுத் தரவு தொலைந்துபோனால், அதைக் காக்க நியாயமான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டனவா என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். விதி கேட்பது குறையற்ற காப்பை அல்ல, நியாயமான முயற்சியை. அந்த முயற்சிக்கான நேரடிச் சான்று, நிர்வாகி அன்றைக்கே நேரம் குறித்து எழுதிய பதில்தான். "முடிந்தது" என்ற ஒரு சொல்லோடு வரும் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். திரைநகலோடு விவரம் கேளுங்கள்.

படி 4: ஒரு செய்தியின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து கேளுங்கள்

"உங்களிடம் என்னென்ன தரவுகள் இருக்கின்றன?" என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட செய்தியை எடுத்துக்கொண்டு, அது எழுதப்பட்ட நொடியிலிருந்து எங்கெல்லாம் செல்கிறது, எங்கெல்லாம் நகல் விடுகிறது, அழித்தால் என்ன ஆகிறது என்று வரிசையாகக் கேட்டால், இரு தரப்புக்குமே தெரியாதிருந்தவை வெளிவரும்.

உதாரணமாக, டீம்ஸில் இருவர் பேசிக்கொண்டே ஒரு விரிதாளைப் பகிர்கிறார்கள் என்று வையுங்கள். உரையாடலின் நகல், பயனருக்குத் தெரியாத ஒரு கோப்புறையில், இருவரது அஞ்சல்பெட்டிகளிலும் சேர்கிறது. விரிதாளோ அனுப்பியவரின் ஒன்டிரைவில் இருக்கிறது. செய்தியில் இருப்பது இணைப்புச் சுட்டி மட்டுமே. இதே பேச்சு ஒரு குழுவின் பொதுச் சேனலில் நடந்திருந்தால், செய்தி அந்தக் குழுவின் அஞ்சல்பெட்டியிலும், கோப்பு ஷேர்பாயிண்ட் தளத்திலும் இருக்கும். "அவருடைய அஞ்சல்பெட்டியை எடுத்துக் கொடுங்கள்" என்று மட்டும் வழக்கறிஞர் கேட்டால், "இந்த எண்கள் சரிதானா பாருங்கள்" என்ற செய்தி கிடைத்துவிடும், எண்கள் கிடைக்கா. கேட்டதைத்தான் நிர்வாகி கொடுத்தார். இரு தரப்பிலும் எவரும் தவறு செய்ததாக உணர மாட்டார்கள். மேலும், அந்தச் சுட்டி காட்டும் கோப்பு பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். செய்தி அனுப்பப்பட்ட நாளில் இருந்த பதிப்பு வேண்டுமா, இன்றைய பதிப்பு வேண்டுமா என்பது சட்ட முடிவு. எது கிடைக்கும் என்பது தொழில்நுட்ப விவரம். இரண்டும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டும்.

இந்தச் சந்திப்பில் சில சொற்களின் பொருளையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. "ஆர்க்கைவ்" என்றால் பயனரின் இரண்டாம் அஞ்சல்பெட்டியா, பழைய கோப்புகளுக்கான சேமிப்பகமா, சட்டத் தேவைக்கென எடுக்கப்படும் மாற்ற இயலாத நகலா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நிர்வாகிகள் பக்கத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். "முடியாது" என்ற பதிலுக்கு, தொழில்நுட்பத்தில் வழியே இல்லை, எனக்கு அனுமதி இல்லை, இந்த வாரம் ஆளில்லை, செலவு மிகுதி என்று நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். அவற்றில் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். செலவுதான் காரணம் என்றால், எத்தனை காப்பு நகல் நாடாக்கள், எத்தனை ஜிகாபைட், எத்தனை மனித மணி நேரம் என்று எண்ணாகக் கொடுங்கள். மிகையான சுமையோ செலவோ இல்லாமல் எட்ட முடியாத தரவைக் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிட விதி 26(b)(2)(B) இடம் தருகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு தரவை வைத்திருக்கும் தரப்பைச் சேர்ந்தது. அந்த நிரூபணத்துக்கான எண்களை ஐ.டி. பிரிவே தர முடியும். கடினமாக இருக்கிறது என்ற பொதுவான சொல் நீதிமன்றத்தில் நிற்காது.

படி 5: சேகரிப்புக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்

யாருடைய தரவு, எந்த அமைப்பிலிருந்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நேர மண்டலத்தில், எந்த வடிவத்தில், எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பன ஒரே தாளில் இருக்கட்டும். நேர மண்டலம் சிறு விஷயமாகத் தோன்றும். நியூயார்க்கில் டிசம்பர் 31 இரவு 11.30-க்கு அனுப்பப்பட்ட அஞ்சல், உலகப் பொது நேரப்படி ஜனவரி 1 அதிகாலை 4.30-க்குப் பதிவாகிறது. கோரிக்கை "டிசம்பர் 31 வரை" என்று மட்டும் சொன்னால், ஆண்டின் கடைசி இரவில் அனுப்பப்பட்ட அந்த அஞ்சல் விடுபட்டுப்போகலாம்.

கோப்புகளைச் சாதாரணமாக இழுத்து வேறொரு வட்டில் போடுவதும் ஆபத்தானது. விண்டோஸில் அப்படி நகலெடுத்தால், கோப்பு உருவான தேதியாக நகலெடுத்த தேதி பதிவாகிவிடும். யார் எப்போது உருவாக்கினார் என்பதே தகராறாக உள்ள வழக்கில், இதனால் மெட்டாடேட்டாவின், அதாவது கோப்பைப் பற்றிய தேதி, உருவாக்கியவர் போன்ற விவரங்களின், மதிப்பு குறைந்துவிடும். இதற்கெனவே உள்ள சேகரிப்புக் கருவியைப் பயன்படுத்துமாறும், ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற ஹேஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற அடையாளத்தை) பதிவு செய்யுமாறும் கோரிக்கையிலேயே எழுதுங்கள். ஏன் என்பதையும் சொல்லிவிட்டால் நிர்வாகி அதை இன்னும் கவனமாகச் செய்வார். 2017 டிசம்பர் முதல், நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பதை ஹேஷ் போன்ற முறையால் சரிபார்த்துத் தகுதியுள்ளவர் சான்றளித்தால், அதன் உண்மைத்தன்மையை நிறுவவென்று தனியே ஒரு சாட்சியை அழைக்காமல் இருக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதி 902(14) வழி செய்கிறது. அன்றைக்குக் குறித்து வைத்த ஹேஷ் பட்டியல், பின்னால் ஒருவரின் நீதிமன்றப் பயணத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

படி 6: தேடுசொற்களை இருவரும் சேர்ந்து சோதியுங்கள்

1985-இல் பிளேர், மாரன் என்ற இரு ஆய்வாளர்கள், சுமார் 40,000 ஆவணங்கள் கொண்ட ஒரு வழக்கில் முழு உரைத் தேடல் எந்த அளவுக்குப் பயன்பட்டது என்று அளந்தார்கள். தொடர்புடைய ஆவணங்களில் 75 விழுக்காட்டையேனும் எடுத்துவிட்டோம் என்று வழக்கறிஞர் தரப்பு நம்பியது. உண்மையில் கிடைத்திருந்தது சுமார் 20 விழுக்காடு. ஒரே நிகழ்வை ஒருவர் "விபத்து" என்றும், இன்னொருவர் "அந்தச் சம்பவம்" என்றும், மற்றொருவர் "போன வாரப் பிரச்சினை" என்றும் எழுதுவார்கள் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியாததே அதற்குக் காரணம். தேடுபொறிகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன. மனிதர்கள் எழுதும் விதம் மாறவில்லை.

ஆகவே முதல் பட்டியலை வழக்கறிஞர் தனியே எழுதி அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் முறையைக் கைவிட வேண்டும். முதலில் கஸ்டோடியன்களிடமே பேசி, அவர்கள் வழங்கிய செல்லப் பெயர்களையும், திட்டக் குறியீட்டுப் பெயர்களையும், சுருக்கங்களையும் சேருங்கள். பிறகு நிர்வாகியிடம், இந்தக் கருவி எந்தத் தேடல் இலக்கணத்தைப் புரிந்துகொள்ளும் என்று கேளுங்கள். சொல்லின் முடிவில் நட்சத்திரக்குறியை (அங்கே எந்த எழுத்துகளும் வரலாம் என்பதற்கான குறியை) ஏற்கும் கருவி, தொடக்கத்தில் அதை ஏற்காமல் போகலாம். ஒரு சொல்லுக்கு இத்தனை சொற்களுக்குள் இன்னொரு சொல் வர வேண்டும் என்ற நிபந்தனையும் கருவிக்குக் கருவி வேறு விதமாக எழுதப்படும். தவறான குறியீட்டைச் சில கருவிகள் பிழை என்று காட்டாமல், வேறொன்றாகப் பொருள் கொண்டு ஒரு முடிவைக் கொடுத்துவிடும். அதை நம்பிவிடுவதே பெரிய ஆபத்து.

அடுத்து, முழுத் தேடலுக்கு முன் ஒரு சோதனை ஓட்டம் நடத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை ஆவணங்கள் சிக்கின என்ற அட்டவணையை நிர்வாகி கொடுக்கட்டும். ஒரு சொல் பாதி அஞ்சல்பெட்டியையே இழுத்து வந்தால், அது எல்லா அஞ்சல்களின் அடிக்குறிப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நிச்சயம் இருக்க வேண்டிய ஒரு சொல்லுக்கு ஒன்றுமே சிக்கவில்லை என்றால், எழுத்துப்பிழையா, அந்தப் பகுதி தேடப்படவே இல்லையா என்று விசாரியுங்கள். சிக்காத ஆவணங்களிலிருந்தும் ஒரு மாதிரியை எடுத்து வழக்கறிஞர் படித்துப் பார்க்க வேண்டும். விக்டர் ஸ்டான்லி வழக்கில், தேடுசொற்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன, எப்படிச் சோதிக்கப்பட்டன என்று பிரதிவாதியால் விளக்க முடியாததால், தவறுதலாக எதிர்த்தரப்புக்குப் போன 165 ஆவணங்கள் மீதான வழக்கறிஞர்-கட்சிக்காரர் இரகசியப் பாதுகாப்பை அவர் இழந்ததாக 2008-இல் தீர்ப்பாயிற்று.

தேட முடியாமல் போனவற்றின் பட்டியலை வழக்கறிஞர்கள் கேட்பதே அரிது. உரையில்லாமல் படமாக மட்டும் வருடப்பட்ட பிடிஎஃப், கடவுச்சொல்லிட்ட ஜிப், சிதைந்த கோப்பு ஆகியவற்றை எந்தத் தேடுசொல்லும் கண்டுபிடிக்காது. நிர்வாகியின் திரையில் அவை ஒரு விதிவிலக்கு எண்ணாகத் தெரியும். அந்த எண் வழக்கறிஞருக்குச் சென்றால்தான், அவற்றை என்ன செய்வது என்று அவர் முடிவெடுக்க முடியும். எத்தனை கோப்புகள் எடுக்கப்பட்டன, நகல்கள் என்று எத்தனை நீக்கப்பட்டன, எத்தனை திறக்கவில்லை, எத்தனை ஒப்படைக்கப்பட்டன என்ற நான்கு எண்களும் கணக்கில் பொருந்தும் வரை ஒப்படைப்பை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

படி 7: எதிர்த்தரப்போடு பேசும் முன் நிர்வாகியிடம் பேசுங்கள்

விதி 26(f)-இன்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் தொடக்கத்திலேயே சந்தித்து, தரவுக் காப்பு பற்றியும் எந்த வடிவத்தில் கொடுப்பது என்பது பற்றியும் பேச வேண்டும். அங்கே ஒப்புக்கொள்ளப்படும் ஒவ்வொரு வாக்குறுதியையும் பிறகு நிறைவேற்றப்போவது ஐ.டி. பிரிவு. பதினைந்து மெட்டாடேட்டா புலங்களோடு இரண்டு வாரத்தில் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்து கேட்பதைவிட, முந்தின நாளே கேட்டுவிட்டுப் போவது நல்லது. முடிந்தால் நிர்வாகியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

படி 8: ஒரே பதிவேடு

தொலைபேசியில் எடுத்த முடிவுகள் உட்பட ஒவ்வொன்றும், தேதி, முடிவு, காரணம், பொறுப்பாளர் என்ற நான்கு கட்டங்களோடு ஒரே கோப்பில் ஏறட்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நிர்வாகி வேறு வேலைக்குப் போய்விடுவார். நிறுவனத்தின் சார்பில் பேசக்கூடிய ஒருவரை எதிர்த்தரப்பு விதி 30(b)(6)-இன் கீழ் வாக்குமூலத்துக்கு அழைக்கும்போது, தரவு எப்படிக் காக்கப்பட்டது என்று விளக்க ஐ.டி. பிரிவினர் அமர வேண்டியிருக்கலாம். அவருக்கு நினைவாற்றல் போதாது, பதிவேடு வேண்டும். அவரை அதற்குத் தயார்ப்படுத்துவதும் வழக்கறிஞரின் வேலையே. தெரிந்ததை மட்டும் சொல்லவும், ஊகத்தை ஊகமாகவே அடையாளம் காட்டவும், கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கவும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படி 9: ஹோல்ட்டை விடுவிக்கவும் எழுதுங்கள்

வழக்கு முடிந்த செய்தி சட்டப் பிரிவுக்குள்ளேயே நின்றுவிட்டால், ஐ.டி. பிரிவு அந்த ஏழு பேரின் தரவையும், அலமாரியிலுள்ள பழைய மடிக்கணினிகளையும் காலவரையின்றிக் காத்துக்கொண்டிருக்கும். சேமிப்புச் செலவு ஏறுவதோடு, சட்டப்படி நீக்கியிருக்க வேண்டிய தனிநபர் தகவல்களும் தேங்கும். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகு, எந்த ஹோல்ட்டை எந்தத் தேதியில் விடுவிக்கலாம் என்று வழக்கறிஞர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விடுவிக்கும் முன், அதே நபர்களில் யாரேனும் வேறொரு வழக்கின் ஹோல்ட்டிலும் இருக்கிறாரா என்று நிர்வாகி சரிபார்த்து, இருந்தால் அவருடைய பெயரை விடுவிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் வழக்கமான நீக்க விதிகளை மறுபடி இயக்கியதாகப் பதில் எழுத வேண்டும்.